செம்மடையான் வழக்கு

செம்மடையான் நெல் மருந்துதான் என்று அரசாங்கம் ஒப்புக்கொண்ட அன்றைக்கு, வாழைக்குறிச்சிப் பெரியவீட்டில் பாயசம் வைத்து ஊரையே கூப்பிட்டார்கள். வெகுநாளைக்கு அந்த வீட்டில் செம்மடையான் தடையில்லாமல் உலையேறிய கடைசி நாளும் அதுதான்.

சிற்றாற்றங்கரையில் அந்த ஒரு குடும்பம் மட்டும் விடாமல் போட்டுவந்த நெல் அது. ஆளுயரம் வளரும், அரிசி செங்கல் நிறத்தில் இருக்கும், வேக நேரம் பிடிக்கும். பிள்ளை பெற்றவள் சாப்பிட்டால் பால் ஊறும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவன் சாப்பிட்டால் காலில் வலு வரும், சீனி வியாதிக்காரர்களுக்கு அதைவிட நல்ல சோறு கிடையாது என்று சுற்றுப்பட்டு ஊர்களில் பேச்சு. பெரியவீட்டார் அதை ஒருநாளும் விற்றதில்லை. வந்து கேட்டவர்க்கு அளந்து போடுவார்கள், அவ்வளவுதான். அந்த வீட்டுக்கு வேறு சொத்துப் பெருமை கிடையாது. தென்னந்தோப்பு போய்விட்டது, ஊருக்குள் இருந்த கடைகளும் போய்விட்டன. 'இல்லை என்று சொல்லாத வீடு' என்ற பெயர் மட்டும் மிச்சம் இருந்தது.

அந்தப் பெயரைக் காத்துக்கொண்டு உலகம்மை இருந்தாள். வயது எழுபதை நெருங்கியும் முதுகில் வளைவு விழாத மனுஷி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கோயிலில் கும்பிடும்போதுகூட அவளுக்குக் கழுத்துதான் வளையும், இடுப்பு வளையாது என்று ஊரில் கேலி பேசுவார்கள், அவள் காதில் விழாதபடி.

நெல்லைக் கொண்டுபோய் அரசாங்கத்திடம் காட்டியது அவள் தம்பி குத்தாலிங்கம். அவன் மகள் கல்யாணப் பந்தியில் சம்பந்தியம்மாள் இலையைப் பார்த்துவிட்டு, "சிவப்பரிசிச் சோத்தைப் போட்டே சம்பந்தத்தை முடிச்சிட்டாவளே" என்று பக்கத்து இலைக்காரியிடம் சொல்லிச் சிரித்தாள். குத்தாலிங்கத்துக்கு அது முள்ளாகத் தைத்துவிட்டது. அந்தக் காலத்தில் எல்லோர் குடலிலும் ஒரு குடல்முத்து இருந்தது. மிளகு அளவுதான் இருக்கும், ஒருமுறை விழுங்கினால் குடல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இன்ன உணவு உள்ளே போனது, அது உடம்புக்கு இன்னது செய்தது என்று மணிக்கட்டில் கட்டியிருக்கும் பட்டைக்குச் சொல்லும். ஊர்க்காரர்களின் முத்துகள் சொன்னதையெல்லாம் திரட்டிக்கொண்டு குத்தாலிங்கம் மருத்துவத் தானிய வாரியத்துக்குப் போனான். வாரியம் பரிசோதித்தது. ஊர் வாய்ச்சொல்லாகச் சொல்லிவந்தது அத்தனையும் உண்மை என்று சான்று கொடுத்தது. அதைத்தான் பாயசம் வைத்துக் கொண்டாடினார்கள். உலகம்மையும் இரண்டு தம்ளர் குடித்தாள்.

சான்றுக்குப் பின்னாலேயே வாரியத்தின் வண்டி வந்தது. ரெஜினா என்ற அதிகாரி இறங்கினாள். பாளையங்கோட்டைக்காரி, நாற்பது வயதிருக்கும். வந்தவள் நெல் கிடந்த பத்தாயத்துக்கு முத்திரை வைக்கச் சொன்னாள்.

"எதுக்கு?" என்றாள் உலகம்மை.

"இது இனிமே மருந்தும்மா. மாப்பிள்ளைச் சம்பா, கருங்குறுவை, காட்டுயானம் எல்லாம் போன வருஷமே மருந்தாயிட்டு. டாக்டர் சீட்டு இல்லாம யாருக்கும் குடுக்கக் கூடாது."

"நாங்க விக்கிறவுக இல்லையே. சும்மாதான குடுக்கோம்."

"சும்மா குடுக்கறது இன்னும் பெரிய குத்தம். வித்தாலாவது யாருக்கு வித்தீங்கன்னு தெரியும்."

"சோத்தைப் போட்டா குத்தமா? ஒங்க ஊர்ல அப்படியா?"

ரெஜினா சிரிக்கவில்லை. "உங்க சோறு சர்க்கரையை இறக்குதும்மா. அதுவும் நல்லா இறக்குது. ஏற்கெனவே மாத்திரை போடுற ஒருத்தர் தெரியாம இதையும் சாப்பிட்டு மயங்கி விழுந்தா யார் பொறுப்பு?"

"எங்க பூட்டன் காலத்துல இருந்து போடுதோம். ஒருத்தரும் விழல."

"விழுந்தவங்களை அப்போ யாரும் எண்ணலை" என்றாள் ரெஜினா. உலகம்மை உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரமே மேலத்தெருப் பொன்னுத்தாய் தூக்குவாளியோடு வந்து நின்றாள். மகள் செண்பகத்துக்குப் பேறுகாலம் ஆகியிருந்தது. பிள்ளை பாலுக்கு அழுகிறது, தாய்க்கு எழுந்து உட்காரத் தெம்பில்லை. வாசலில் வாரியத்தின் காவலாள் மோடா போட்டு உட்கார்ந்திருந்தான். அவனைப் பார்த்துவிட்டுப் பொன்னுத்தாய் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒரு நாழி போதும் மைனி."

"டாக்டர்ட்ட சீட்டு வாங்கிட்டு மருந்துக்கடைக்குப் போ, பொன்னு. அங்கன மாப்பிள்ளைச் சம்பாவ அட்டைப்பெட்டியில வச்சிருக்காவளாம்."

"அந்தச் சீட்டு எழுத தென்காசியில ஒரு டாக்டருதான் இருக்காரு. அவரு தை மாசத்துக்கு நாள் குடுத்திருக்காரு. பிள்ளைக்குப் பசி தை மாசமா வருது?"

உலகம்மை அந்தச் சொல்லைச் சொல்லியாக வேண்டியிருந்தது. "இல்ல" என்றாள். நாக்கு அதைச் சொல்லிப் பழகாததால் அது மெதுவாகத்தான் வந்தது. பொன்னுத்தாய் கோபித்துக்கொள்ளவில்லை. வாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனாள். அவள் கோபித்திருந்தால் உலகம்மைக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மறுநாள் காலையில் வக்கீல் பீர்முகமதுவுக்கு ஆள் போயிற்று. கடையநல்லூர்க்காரர். அவர் அப்பா காலத்திலிருந்தே பெரியவீட்டு வழக்குகளைப் பார்க்கிறவர்கள். பார்த்த வழக்கெல்லாம் தோற்றதும் உண்டு.

"இந்த ஒரு வழக்கையாவது ஜெயிச்சுக் குடு பீரு" என்றாள் உலகம்மை.

"ஜெயிச்சுத்தான அக்கா இந்தக் கதிக்கு வந்திருக்கு. மருந்துன்னு நிரூபிச்சாச்சு. இனி தோக்கதுக்குத்தான் வழி தேடணும்."

"அப்படின்னா?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மருந்து இல்லன்னு நிரூபிச்சா திரும்ப உணவாயிரும். ஒருதடவ உணவுன்னு தீர்ப்பாச்சுன்னா அதுக்கப்புறம் எந்தக் காலத்துலயும் வாரியம் அதத் தொட முடியாது. பிஸ்கட் கம்பெனிக்காரன் தன் ஓட்ஸுக்காகக் கெஞ்சி எழுதி வாங்கின விதி. நமக்கும் ஆகும்."

"அப்ப நாங்க போய் அதுல ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டா முடிஞ்சுதா?"

"வாய் சொல்றத அவுக நம்ப மாட்டாவ அக்கா. குடல் சொல்லணும். வியாதி உள்ள ஒரு உடம்பு, வீட்டு ஆளா இருக்கணும், ஒரு போகம் முழுக்க வேற மாத்திரை இல்லாம இந்த நெல்லை மட்டும் சாப்பிடணும். முத்து அளக்கும். உடம்புக்கு ஒரு நன்மையும் இல்லன்னு முத்து சொல்லணும். கடைசியில வாயும் சொல்லணும்."

"சாப்பிட்டா நல்லதுதான செய்யும்? அப்புறம் முத்து எப்படி மாத்திச் சொல்லும்?" என்று கேட்டான் குத்தாலிங்கம்.

வக்கீல் உலகம்மையைப் பார்த்தார். அவளும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் செம்மடையானுக்கு உமியைத்தான் நீக்குவார்கள். தவிட்டில் கை வைக்க மாட்டார்கள். சிவப்பும் சத்தும் தவிட்டில் இருக்கின்றன என்பது அங்கே அடுப்பெரிக்கிறவளுக்கும் தெரியும்.

"வெள்ளையாத் தீட்டிட்டா?" என்றாள் உலகம்மை.

"மாவுதான். நேரே சீனியாத்தான் போய்ச் சேரும்" என்றார் பீர்முகமது. "ஒங்க வீட்டுல எப்படிச் சமைக்கீங்களோ அப்படின்னுதான் விதியில இருக்கு. எத்தன தடவ தீட்டணும்னு இல்ல. ஆனா அக்கா, இந்த வீட்டுல சீனி வியாதி உள்ள ஆளு ஒருத்தர்தான். நான் இதைச் சொல்ல வரல. நீங்க கேட்டீங்க."

அந்த ஒருத்தர் அக்காதான் என்று குத்தாலிங்கத்துக்கு அப்போதுதான் உறைத்தது. எழுந்தே விட்டான்.

"என்ன பேசுதீங்க ரெண்டுபேரும்? இந்த வாசல்படி தாண்டி வெள்ளை அரிசி வந்தது வாய்க்கரிசிக்கு மட்டும்தான்."

"முன்கூட்டியே போட்டுக்கிடுதேன்னு வச்சுக்கோயேன்."

"அக்கா!"

"சத்தம் போடாத. வெளிய அந்தக் காவக்காரப் பையன் இருக்கான்."

"உசிரு போச்சுன்னா? அது கிடக்கட்டும். பேரு? நம்ம நெல்லுல ஒண்ணுமில்லன்னு நம்மளே போய் நிக்கதா? சம்பந்தி வீட்டுல காறித் துப்புவாவ. ஊருல எவன் மூஞ்சியில முழிக்க?"

"பொன்னுத்தாய் மூஞ்சியில நான் முழிச்சிட்டேன்ல" என்றாள் உலகம்மை. "அதுக்கு மேல என்ன இருக்கு?"

குத்தாலிங்கம் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. ஆனால் முத்திரை வைத்த நெல்லில் முதல் மூட்டை வெளியே வந்த நாள், அதை அவனே வண்டியில் ஏற்றினான்.

விசாரணைக்காக வாரியம் வாராவாரம் கொஞ்சம் நெல் விடுவித்தது. அதைத் தென்காசி ஆலைக்குக் கொண்டுபோனார்கள். ஆலைக்காரன் இசக்கி ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "செம்மடையானையா வெள்ளையாக்கச் சொல்லுதீங்க? பொண்ணுக்கு மொட்டை போட்டாப்ல இருக்குமே" என்றான். தீட்டித் தீட்டி, கடைசியில் அரிசி சின்னதாக, வெளுத்து, ரேஷன் அரிசி போல வந்தது. தவிட்டை மாட்டுக்கு வைத்தார்கள். அந்தப் போகம் முழுக்கப் பெரியவீட்டு மாடுகள்தான் ராஜபோகம் அனுபவித்தன என்று பின்னால் பீர்முகமது சொல்லிச் சிரிப்பார். ஆனால் அந்த மாதங்களில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

முதல்நாள் அந்தச் சோற்றை இலையில் போட்டபோது உலகம்மைக்குக் கை நீளவில்லை. அடுத்தவர் வீட்டு இலையில் உட்கார்ந்துவிட்டது போல இருந்தது. பிறகு பிசைந்து சாப்பிட்டாள். மெல்ல வேண்டிய தேவையே இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்திலேயே மணிக்கட்டுப் பட்டையில் சர்க்கரைக் கோடு ஏறியது. பட்டையைத் துணியால் மூடிக்கொண்டாள்.

குத்தாலிங்கமும் அவன் மனைவியும் தனியாக வேறு சமைக்கவில்லை. வாரியத்தார் கேட்டால் 'எங்கள் வீட்டில் இப்படித்தான் சாப்பிடுகிறோம்' என்று சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்று உலகம்மை கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். பெரிய பொய் ஒன்று கடைசியில் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்குத் துணையாகச் சின்னப் பொய்களைச் சேர்க்கக் கூடாது என்பது அவள் கணக்கு.

கார்த்திகை மழைக்குள் அவளுக்குக் கண் மங்கியது. தாகம் அடங்கவில்லை. பிறகு இடது காலில் கட்டைவிரலில் செருப்புக் கடித்த இடம் ஆறாமல் நின்றது. உள்ளூர் டாக்டர் வந்து பார்த்துவிட்டுத் திட்டினார்.

"முன்ன சாப்பிட்ட சிவப்புச் சோத்துக்கே திரும்புங்க, இல்ல மாத்திரை போடுங்க. ரெண்டுல ஒண்ணு செய்யலன்னா விரலை எடுக்க வேண்டி வரும்."

"விரல் மட்டும்தான?" என்றாள் உலகம்மை.

"இப்போதைக்கு."

"அறுப்பு முடியட்டும். அதுவரைக்கும் கட்டுப் போட்டு விடுங்க."

டாக்டர் குத்தாலிங்கத்தைப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்தான். அன்று சாயங்காலம் அவன் அக்காவிடம் வந்து, "விட்டுருவோம். நானே போய் வழக்கை வாபஸ் வாங்குதேன்" என்றான். மருந்தென்று நிரூபித்தவன் அவன்தானே, அந்த உறுத்தல் அவனுக்கு.

"உக்காரு குத்தாலம். நீ செஞ்சதுல தப்பில்ல. நம்ம நெல்லைப் பழிச்சா நமக்குப் பொறுக்கல, அவ்வளவுதான். எனக்குந்தான் பொறுக்கல. பாயசம் நானும் குடிச்சேன்லா." காலை மெதுவாக நீட்டி வைத்துக்கொண்டாள். "மருந்துன்னா வியாதிக்காரனுக்கு மட்டும்தான். சோறுன்னா எல்லாருக்கும். எது பெருமைன்னு நாமதான் மாத்தி நினைச்சிட்டோம். போய்ச் சாப்பிடு, ஆறிப்போகுது."

அறுவடை முடிந்ததும் விரலை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அவள் மாத்திரையைத் தொட்டாள்.

திருநெல்வேலியில் விசாரணை. மண்டபம் நிறைந்திருந்தது. ஊர்க்காரர்கள் வண்டி பிடித்து வந்திருந்தார்கள். பொன்னுத்தாயும் இருந்தாள். பெரியவீட்டார் தங்கள் நெல்லைத் தாங்களே காட்டிக்கொடுக்கப் போகிறார்கள் என்ற செய்தி சம்பந்திகள் காதுவரை போயிருந்தது. சம்பந்தியம்மாள் முன்வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். உலகம்மை கம்பு ஊன்றித்தான் வந்தாள். முதுகு மட்டும் பழைய மாதிரியே இருந்தது.

ரெஜினா முத்தின் அளவுகளைச் சுவரில் விரித்துக் காட்டினாள். ஒவ்வொரு வேளைச் சோற்றுக்கும் கோடு எழுந்து எழுந்து நின்றது. வாரியத் தலைவர் வயதானவர், சலிப்போடு பார்த்தார்.

"முதலில் சான்று கொடுத்தபோது நன்மை இருப்பதாகச் சொன்னோமே?"

"அது பலருடைய அளவு. அவர்கள் வேறு என்ன சாப்பிட்டார்கள் என்று தெரியாது. இது ஒரே வீடு, ஒரே சோறு, கண்காணிப்பில் நடந்தது" என்றாள் ரெஜினா. பிறகு உலகம்மையிடம் திரும்பினாள். "உங்க வீட்டில் இந்தப் போகம் முழுக்க செம்மடையான் மட்டும்தான் சமைச்சீங்களா?"

"ஆமா."

"எல்லோரும் அதையே சாப்பிட்டீங்களா?"

"ஆமா. ஒரே பானைதான்."

"சமைக்கிறதுக்கு முன்னாடி அரிசியை..." என்று தொடங்கிய ரெஜினா நிறுத்தினாள். அவள் பார்வை உலகம்மையின் இடது காலில், கட்டுத்துணி சுற்றிய இடத்தில் போய் நின்றது. பீர்முகமது கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"அரிசியைக் களைஞ்சீங்களா?" என்று முடித்தாள் ரெஜினா.

"களையாம யாரு உலையில போடுவா?" என்றாள் உலகம்மை. சிலர் சிரித்தார்கள்.

தலைவர் முன்னால் சாய்ந்தார். "விதிப்படி உடைமையாளர் குடும்பம் தன் வாயால் சொல்ல வேண்டும். செம்மடையான் நெல்லுக்கு மருத்துவக் குணம் எதுவும் கிடையாது, அது வெறும் உணவு என்று."

குத்தாலிங்கம் எழுந்தான். "நான் சொல்லுதேன்" என்றான் அக்காவின் காதருகில். "நீ சொல்ல வேண்டாம்."

"உக்காரு" என்றாள் அவளும் மெல்ல. "வீட்டுக்காகப் பொய் சொல்லணும்னா மூத்தவதான் சொல்லணும்."

கம்பைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு நின்றாள். கால் வலித்தது. சாயவில்லை. அவளுடைய அப்பாவும் அவர் அப்பாவும் அளந்து போட்ட மரக்காலை நினைக்கக் கூடாது என்று முன்கூட்டியே தீர்மானித்திருந்தாள், ஆனாலும் நினைவு வந்தது. அதைத் தள்ளிவிட்டுச் சொன்னாள்.

"செம்மடையானுக்கு மருத்துவக் குணம் ஒண்ணும் கிடையாது. அது வெறும் சோறு."

முன்வரிசையில் சம்பந்தியம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம் சாய்ந்து ஏதோ சொன்னாள். இந்தத் தடவை உலகம்மை அவளை நேராகப் பார்த்தாள். சம்பந்தியம்மாள்தான் முந்தானையைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

தீர்ப்பு அன்றைக்கே வந்தது. மறுநாள் பத்தாயத்தின் முத்திரையை உடைத்தார்கள். உலகம்மை தவிடு போகாத அரிசியை உலையில் போட்டாள். நீளமான கொதிப்பு. கஞ்சி ரோஸ் நிறத்தில் வடிந்தது. வீடு முழுக்க அந்த வாசம். குத்தாலிங்கம் வாசலில் போய் நின்றுகொண்டான், யார் முதலில் வருகிறார்கள் என்று பார்க்க.

யாரும் வரவில்லை.

அன்றைக்கும் வரவில்லை, அந்த வாரமும் வரவில்லை. பத்திரிகைகளில் 'பெரியவீட்டு நெல் வெறும் மாவு' என்று போட்டிருந்தார்கள். மணிக்கட்டுப் பட்டைகளில்கூட அந்தச் செய்தி வந்திருந்தது. உலகம்மை ஒரு நாழி அரிசியை ஆள் மூலம் செண்பகத்துக்கு அனுப்பினாள். அது திரும்பி வந்தது. பின்னாலேயே பொன்னுத்தாயும் வந்தாள், முகம் கொடுக்காமல்.

"மருமவன் வேண்டாங்கான் மைனி. அதுல ஒண்ணுமில்லன்னு அரசாங்கமே சொல்லிட்டாம். கம்பெனி டானிக் வாங்கிட்டு வந்திருக்கான். தப்பா நினைக்காதீக. நானும் அன்னைக்கு அங்கனதான இருந்தேன், நீங்களே சொன்னீகளே."

"ஆமா, நான்தான் சொன்னேன்" என்றாள் உலகம்மை. உண்மையைச் சொன்னால் பொன்னுத்தாய் நம்பிவிடுவாள், ஊரெல்லாம் சொல்லுவாள், அது எங்கே போய் நிற்கும் என்று தெரியாது. தீர்ப்பை மாற்ற முடியாதென்பது வக்கீல் சொல். ஆனால் பெரியவீட்டுக்காரி சபையில் பொய் சொன்னாள் என்ற பேச்சைத் தீர்ப்பு தடுக்காது.

"இதுக்குத்தானா விரலைக் குடுத்த?" என்றான் குத்தாலிங்கம், அவள் போனபிறகு.

"சாப்பிட ஆள் வரலன்னா உலை வைக்கக் கூடாதுன்னு எவன் சொன்னான்? நாளைக்கும் அதே அளவு போடு."

மறுநாளும் போட்டார்கள். மிஞ்சியதில் நீர் ஊற்றி வைத்துக் காலையில் தாங்களே குடித்தார்கள். உலகம்மையின் பட்டையில் கோடு படியத் தொடங்கியிருந்தது. டாக்டர் மாத்திரையைக் குறைத்தார், காரணம் கேட்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ்ஸிலிருந்து இறங்கி ஒரு பெண் வாசலுக்கு வந்தாள். குடையை மடக்கியபோதுதான் ரெஜினா என்று தெரிந்தது. வாரிய வண்டி இல்லை, கூட ஆளும் இல்லை. கையில் ஒரு துணிப்பை இருந்தது.

குத்தாலிங்கம் பதறி எழுந்தான். உலகம்மை எழவில்லை.

"இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?" என்றாள்.

"என் தங்கச்சிக்குக் குழந்தை பிறந்திருக்கும்மா. ரத்தமே இல்லைங்கறாங்க. ஒரு ரெண்டு படி அரிசி வேணும்."

"அதுல ஒண்ணும் இல்லன்னு நீங்கதான எழுதினீக."

"ஆமா. எழுதினதாலதான் இன்னைக்கு நான் சீட்டு இல்லாம வந்து கேக்க முடியுது." ரெஜினா கொஞ்சம் தயங்கினாள். "தீட்டாத அரிசியா குடுங்கம்மா."

உலகம்மை கம்பை ஊன்றி எழுந்து, தம்பியை வர வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, பத்தாய அறைக்குத் தானே போனாள். இரண்டு படிக்குக் கூடுதலாகவே அளந்து, பையின் வாயைக் கட்டிக் கொண்டுவந்தாள். தங்கை பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்கவில்லை.

"தங்கச்சிக்குக் குணமானா நாலு பேர்கிட்ட நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள் ரெஜினா, பையை வாங்கிக்கொண்டே. "உங்களைப் பத்தி ஊருக்குள்ள பேசறது என் காதுக்கும் வருது. எனக்கும் கஷ்டமா இருக்கு."

"குணமாச்சுன்னு ஒரு இடத்துலயும் சொல்லிராதீக" என்றாள் உலகம்மை. "அதச் சொல்லித்தான் இம்புட்டுப் பாடும். நல்ல ருசியா இருந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. வரவுக வருவாவ." பிறகு தம்பி பக்கம் திரும்பி, "குத்தாலம், அந்த அம்மாவுக்கு ஒரு இலை போடு, வெயில்ல வந்திருக்காவ" என்றாள்.